சித்தி பையன் கேட்ட கனிம வேதியியல் புத்தகம்

"அண்ணா, நுழைவுத் தேர்வு இனார்கானிக்குக்கு (கனிம வேதியியலுக்கு) நீங்க வச்சிருந்த அந்தத் தடி கேள்வி-விடைப் புத்தகத்தையே வாங்கட்டுமா?" என்று போன வாரம் சித்தி பையன் கேட்டான். வாங்காதே என்றேன். காரணத்தைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதான் எழுதுகிறேன்.

கேள்விகளில் குறையே இல்லை. பி பிளாக் தனிமங்கள், அணைவுச் சேர்மங்கள் (நடு உலோக அணுவைச் சுற்றி மற்றவை இணைந்திருப்பவை) என்ற இரண்டு பாடங்களிலும் போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது, கூற்று-காரணம் வகைக் கேள்விகள் அருமை. என் எரிச்சலெல்லாம் கடைசியில் இருக்கும் விடைகள் மேல்தான். 23-சி, 24-ஏ, 25-பி என்று பக்கம் பக்கமாகப் போகும், ஒரு வரி விளக்கம் கிடையாது. இயற்பியல் கணக்கு தப்பினால் திரும்பப் போட்டுப் பார்க்கலாம், இங்கே எதைப் போட்டுப் பார்ப்பது? அலுமினியம், காலியம் இரண்டில் எதன் அணு பெரியது என்று ஒரு கேள்வி. தனிம வரிசை அட்டவணையில் ஒரே தொகுதியில் கீழே போனால் அணு பெரிதாகும் என்று நம்பிக் காலியத்தைக் குறித்தேன், தப்பு. என்சிஇஆர்டி பாடநூலின் அட்டவணையைத் தேடிப் பிடித்து, அணு ஆரம் அலுமினியத்துக்கு 143 பிகோமீட்டர், காலியத்துக்கு 135 என்று பார்த்து, காலியத்தில் நடுவில் நுழைந்த பத்து 3டி (3d) எலக்ட்ரான்கள் கருவின் இழுப்பைச் சரியாக மறைப்பதில்லை என்று புரிவதற்குள் ஒரு மணி நேரம் போயிற்று. ஒரே ஒரு கேள்விக்கு!

அதுகூடப் பரவாயில்லை. நிக்கல் டெட்ராகார்பனைலின் வடிவம் தளசதுரம் என்று விடை போட்டிருந்தார்கள். அது நான்முகி, தளசதுரமாக இருப்பது நிக்கலின் டெட்ராசயனிடோ அயனி. எனக்குத்தான் புரியவில்லை போல என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

என்னிடம் இருப்பது பழைய பதிப்பு வேறு. 2024 முதல் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டிலும் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினிலும் எஸ் பிளாக், ஹைட்ரஜன், உலோகவியல் பாடங்கள் எல்லாம் போய்விட்டன. அடுத்த கட்டமான ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதுபவர்கள்தான் அவற்றைப் படிக்க வேண்டும்.

போனில் சொன்னவரைக்கும் கேட்டுவிட்டு, "அப்போ உங்க புத்தகத்தையே குடுங்க" என்றான். அதெப்படித் தருவேன்? ஒவ்வொரு சி-க்கும் ஏ-க்கும் காரணம் தேடி நானே பென்சிலில் எழுதி எழுதி, ஓரத்தில் இடம் போதாமல் துண்டுச்சீட்டு ஒட்டி, அட்டை பிரிந்து இரண்டு தடவை பைண்டிங் போட்ட புத்தகம். குளோரினுக்கு ஏன் ஃப்ளூரினைவிட எலக்ட்ரான் நாட்டம் அதிகம் என்று எவன் நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அந்த விளக்கம் எந்தப் பக்கத்து மூலையில் கிடக்கிறது என்பதோடு சேர்த்து. வேண்டுமானால் என் ஓரக்குறிப்புகளைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், புத்தகம் மட்டும் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.