தீபாவளிக்கு முன்பா, மாசியிலா? பழைய மரச்சாமான்களுக்கு எந்தப் பூச்சு, எந்தப் பருவம்

தீபாவளி நெருங்கினால் சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் பழைய சாமான்களுக்குப் புது மெருகு ஏற்றும் ஆசை வந்துவிடும். சுவருக்கு வண்ணம் அடிக்கிற கையோடு தேக்கு அலமாரிக்கும் வார்னிஷ் பூசிவிடலாம், பிரம்பு நாற்காலியையும் பளபளப்பாக்கிவிடலாம் என்று தோன்றும். ஆசை நல்லதுதான், மாதம்தான் சரியில்லை. அக்டோபரும் நவம்பரும் இங்கே இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். காலையில் வெயில் அடிக்கும், பிற்பகலில் இடி இடித்துக் கொட்டித் தீர்க்கும். அதைத் தொடர்ந்து வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பூசிய பூச்சு பொங்கலுக்குள் வெளுத்துப் போவதையும், விரல் பட்டால் ஒட்டுவதையும், அலமாரியின் பின்புறம் பூசணம் பிடிப்பதையும் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அரக்கு பாலிஷ், வார்னிஷ், எண்ணெய், வண்ணப்பூச்சு, ஒட்டுத்தாள், புதிதாக வாங்குவது ஆகிய ஆறு வழிகளையும் இங்கே பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கிறேன். என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: நல்ல மரமென்றால் மாசி வரை பொறுத்து அரக்கு பூசுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைச் சாமானென்றால் தீபாவளிக்கு முன்பே தண்ணீரில் கரையும் வண்ணம் அடித்துவிடலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் ஒரே டப்பாவைக் கொண்டு முடிக்க நினைப்பதில்தான் தொல்லை தொடங்குகிறது.

முதலில் காற்றைப் பற்றி. நம் தீவில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்குச் சற்று மேலே நிற்கிறது. விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் நடுப்பிற்பகலில் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். டிசம்பரில் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பிப்ரவரியில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். தை மாதத்தின் பின்பாதியும் மாசியும் வடகிழக்குப் பருவக்காற்றின் வறண்ட பகுதி. வானம் வெளுத்து, காற்று வீசி, காயப்போட்ட துணி சீக்கிரம் உலரும் காலம் அது.

மரத்துக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். சுற்றியுள்ள ஈரத்துக்கு ஏற்ப மரம் தண்ணீரை உறிஞ்சும், வெளியே விடும். 60 விழுக்காடு ஈரப்பதத்தில் நெடுநாள் இருக்கும் மரத்தில் அதன் உலர் எடையில் ஏறத்தாழ 11 விழுக்காடு தண்ணீர் இருக்கும். 80 விழுக்காட்டில் அது 16 விழுக்காட்டை எட்டும். டிசம்பரில் இழுப்பறை சிக்கிக்கொள்வதும் மார்ச்சில் எளிதாக நழுவுவதும் இதனால்தான். மழைக்காலத்தில் இழுப்பறை சிக்குகிறதே என்று ஓரத்தைச் சீவிவிடாதீர்கள். வெயில் வந்ததும் அது ஆடத் தொடங்கும். மெழுகுவத்தித் துண்டை ஓரங்களில் தேய்த்தாலே போதும்.

அரக்கு பாலிஷ்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. அரக்குப் பூச்சிகள் பலாசம், பூவம் போன்ற மரங்களின் கிளைகளில் சுரக்கும் பிசினைச் சுத்தம் செய்து, மெல்லிய செதில்களாக்கி விற்கிறார்கள். ஜார்க்கண்ட் மாநிலம் இதன் முக்கிய விளைநிலம். செதில்களை எத்தனால் சாராயத்தில் ஊறவைத்துக் கரைத்து, பஞ்சை உள்ளே வைத்து முடிந்த துணிப்பொட்டலத்தால் மெல்லிய பூச்சுகளாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பூச்சும் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். தேக்கின் ரேகைகள் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் எழுந்து வரும்போது கிடைக்கும் மகிழ்ச்சி வேறெந்தப் பூச்சிலும் இல்லை.

அதன் உண்மையான பலம் பழுதுபார்ப்பதில் இருக்கிறது. புதுப் பூச்சில் உள்ள சாராயம் பழைய பூச்சையும் இளக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பத்து ஆண்டுகள் கழித்து ஓரிடத்தில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம், முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. அடுத்த தலைமுறைக்குப் போகவேண்டிய சாமானுக்கு இதைவிடப் பெரிய தகுதி என்ன வேண்டும்?

ஆனால் ஈரக் காற்றோடு இதற்கு ஆகவே ஆகாது. சாராயம் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது, பால் தெளித்ததுபோல் வெள்ளை படர்கிறது. இலேசாக இருந்தால் வறண்ட நாளில் சாராயம் தொட்ட துணியால் ஒருமுறை மெல்லத் தடவ அது போய்விடும். மழை நாளில் பூசிக்கொண்டே போனால் போகாது. எனவே பிப்ரவரியில், மழையில்லாத நாளில், நண்பகலுக்கும் மூன்று மணிக்கும் இடையில் பூசுங்கள். சன்னல்கள் திறந்திருக்க வேண்டும், அருகில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. கரைத்து நெடுநாள் வைத்த அரக்கு சரியாக உலராது என்பதால், அந்தந்த வேலைக்கு வேண்டியதை மட்டும் கரைத்துக்கொள்ளுங்கள்.

சூடான தேநீர்க் குவளை வைத்தால் வளையம் விழும். சாராயம் சிந்தினால் கரையும். ஆகவே சாப்பாட்டு மேசைக்கு இது வேண்டாம். பூசை அலமாரிக்குப் பூசலாம், விளக்கு ஏற்றும் தட்டை மட்டும் விட்டுவிடுங்கள். வெப்பத்தில் அரக்கு இளகும்.

வார்னிஷ்

சாப்பாட்டு மேசைக்கு இதுதான். இப்போது கடைகளில் வார்னிஷ் என்று கிடைப்பதில் பெரும்பகுதி பாலியூரிதேன் என்ற செயற்கைப் பிசின். தண்ணீர், சாம்பார், சூடு எல்லாவற்றையும் ஓரளவு தாங்கும். எண்ணெய் சார்ந்த வகை ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் கேட்கும். மழைக்காலத்தில் அதற்கும் மேல் ஆகும், வாடையும் வீட்டை நிறைக்கும். நாளாக நாளாக மஞ்சள் கூடும். தண்ணீர் சார்ந்த வகை சில மணி நேரத்தில் உலரும், நிறமும் மாறாது. ஆனால் தேக்கின் கதகதப்பான நிறத்தை அது சற்று வெளிறச் செய்வதாக எனக்குத் தோன்றுகிறது.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. கரையானிடமிருந்து அதைக் காப்பது அந்த எண்ணெயும் அதோடு சேர்ந்த வேதிப்பொருள்களும்தான். வார்னிஷ் ஒட்டாமல் செய்வதும் அதுவே. பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட்டால் ஒட்டும். மெழுகு நீக்கிய அரக்கை அடிப்பூச்சாகக் கொடுப்பது இன்னும் நல்லது. இதைச் செய்யாமல் பூசிய வார்னிஷ் ஓரிடத்தில் உரியத் தொடங்கினால் தோல்போலக் கழன்று வரும். அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது. முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து மரம் தெரியும்வரை போகவேண்டும். அடுக்குமாடி வீட்டில் அந்தத் தூசியோடு போராடியவர்களுக்கு என் கவலை புரியும்.

எண்ணெய்

பூசுவது மிக எளிது: துணியில் தொட்டுத் தடவி, ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். ஆனால் ஆளி விதை எண்ணெய் நம் ஈரத்தில் பூசணத்துக்கு நல்ல தீனி. காற்றோட்டமில்லாத மூலையில் நிற்கும் அலமாரிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். துங் மர விதையிலிருந்து எடுக்கும் துங் எண்ணெய் இந்த வகையில் மேல், ஆயினும் உலரப் பல நாள்கள் எடுக்கும்.

எண்ணெய் தொட்ட துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். உலரும் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் உண்டாகும். குவிந்து கிடக்கும் துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி, நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். துணியை விரித்துத் திறந்த இடத்தில் முற்றிலும் உலரவிட வேண்டும், அல்லது தண்ணீரில் மூழ்கவைத்து மூடிய உலோக டப்பாவில் போட வேண்டும். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில், இடமும் குறைவென்றால், எண்ணெயைத் தவிர்த்துவிடுவதே என் விருப்பம்.

வண்ணப்பூச்சு

வெளிறிய நிறம், ஓரங்கள் தேய்ந்த தோற்றம். ஆங்கிலேய நாட்டுப்புற வீடுகளின் இந்தச் சாயல் இப்போது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளிலும் பரவிவருகிறது. இதற்குப் பெயர்போன சாக் பெயிண்ட்டை 1990இல் பிரிட்டனில் உருவாக்கியவர் ஆனி ஸ்லோன். மரத்தை அதிகம் தேய்க்காமலே பூசலாம், பட்டுப்போன்ற மங்கிய பரப்பு வரும், கடைசியில் மெழுகு தேய்த்து முடிப்பார்கள்.

அந்த மெழுகுதான் இங்கே ஒத்துவருவதில்லை. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கி, உள்காற்றை உலர்த்தி வாழும் ஊரின் முறை அது. வசந்தம் வந்ததும் சன்னலைத் திறந்து சாமான்களைப் புதுப்பிக்கும் பழக்கமும் அந்த ஊருக்கே உரியது. ஆண்டு முழுவதும் 30 பாகையைத் தொடும் வெயிலிலும் இந்த ஈரத்திலும் மெழுகுப் பூச்சு பிசுபிசுப்பாகவே இருக்கும். தூசி ஒட்டும், கைரேகை பதியும். தோற்றம் பிடித்திருந்தால் வண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மேலே தண்ணீர் சார்ந்த மங்கல் வார்னிஷ் கொடுத்துவிடுங்கள்.

தீபாவளி அவசரத்துக்கு ஈடுகொடுப்பது வண்ணப்பூச்சு ஒன்றுதான். தண்ணீர் சார்ந்த வண்ணம் ஈரக் காற்றிலும் காலையில் பூசினால் மாலைக்குள் தொடும் அளவுக்கு உலரும். முழு உறுதி பெறச் சில வாரங்கள் ஆகும் என்பதால் அதுவரை கனமான பாத்திரங்களை வைக்க வேண்டாம். பலகைச் சாமான், கலப்பு மரம், ஒட்டுப்போட்டு நிறம் சேராமல் போன அலமாரி ஆகியவற்றுக்கு இது பொருத்தம்.

“வெள்ளை அடித்தால் அறை வெளிச்சமாக இருக்குமே, தம்பி” என்று என் சின்னம்மா தம் தேக்கு அலமாரியைக் காட்டிக் கேட்டார். “இழுப்பறையைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள், சின்னம்மா” என்றேன். பூச்சு படாத அந்தப் பகுதியில் பொன்னிற ரேகைகள் தெளிவாக ஓடின. அதைப் பார்த்த பிறகு அவருக்கு வெள்ளை அடிக்க மனம் வரவில்லை. நல்ல மரத்தின் துளைகளுக்குள் இறங்கிய வண்ணத்தைப் பின்னால் எடுப்பது மிகக் கடினம். எனவே பூசுமுன் அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே வண்ணம் அடித்த மிகப் பழைய சாமானில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

ஒட்டுத்தாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வழவழப்பான பலகைக் கதவுகளுக்குச் சரி, சமையலறை ஆவி படும் இடத்தில் ஓரங்கள் எழும்பும். மரத்தின் மேல் ஒட்டவே கூடாது.

புதிதாக வாங்குவது

மலிவான புதுச் சாமான் பெரும்பாலும் மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை. ஓரத்தின் வழியாகத் தண்ணீர் புகுந்தால் உப்பிவிடும், மறுபடி பழைய அளவுக்குச் சுருங்காது. தரை துடைக்கும் ஈரமே அதன் அடிப்பகுதிக்குப் போதும். நாம் தூக்கி எறியும் பழைய அலமாரி எரியுலைக்குப் போய்ச் சாம்பலாகி செமாக்காவ் தீவை அடைகிறது. 1999இல் திறக்கப்பட்ட அந்தக் குப்பை நிரப்பிடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டபின், பழைய மரம் கைமாறும் இடங்களும் குறைந்துவிட்டன. உறுதியான தேக்கோ செங்காலியோ வீட்டில் இருக்கும்போது அதைக் கீழே கொண்டுபோய் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

கம்பத்து (பழைய கிராமத்து) வீடுகளில் கம்பிவலைக் கதவு போட்ட சமையல் அலமாரி இருந்தது. காற்று ஊடுருவும், கால்கள் உயரமாக இருக்கும், எறும்பு ஏறாமல் ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்கள். அந்த அமைப்பில் இன்றும் பின்பற்ற வேண்டியது காற்றோட்டம். எந்தப் பூச்சைப் பூசினாலும் அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். நான்கு விரற்கடை இடைவெளி விட்டால் பின்புறப் பூசணம் பெருமளவு குறையும்.

வேலை செய்யும் இடத்தையும் யோசிக்க வேண்டும். பூசிய நாற்காலிகளைப் பொதுத் தாழ்வாரத்தில் காயவைத்தால் வழி அடைபடும். தீயணைப்பு விதிப்படி அங்கே குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். வீட்டுக்குள் சன்னலோரமே நம் பட்டறை. அதனால் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை, மழை குறைவாக இருந்தாலும், சுமத்ராவின் புகைமூட்டம் வரக்கூடும் என்பதை மனத்தில் வையுங்கள். 2013 ஜூன் 21இல் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. அப்படிப்பட்ட நாளில் சன்னலைத் திறக்க முடியாது, சன்னல் மூடிய அறையில் சாராயமும் டர்பன்டைனும் கூடாது. புகையில்லாத ஜூலை வாரங்கள் கிடைத்தால் சாப்பாட்டு மேசைக்கு வார்னிஷ் பூச அது நல்ல தருணம். விடியற்காலைச் சூறைமழை ஓய்ந்து, பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள்.

இந்தத் தீபாவளிக்கு அலமாரியை என்னதான் செய்வது என்று கேட்பவர்களுக்கு: லேசான சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். பித்தளைக் கைப்பிடிகளைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து மாட்டுங்கள். ஆடும் கீல்களின் திருகாணிகளை முடுக்குங்கள். பண்டிகைக்கு அதுவே போதுமான பொலிவு. பூச்சு வேலைக்குப் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமையை இப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அரக்குச் செதில்களை அதற்கு முந்தைய வாரம் வாங்கினால் போதும்.