பழைய புரோநோட்டுக் கடனுக்கு தருமபுரி இலவச சட்ட உதவி: யாருக்குப் பயன், எங்கே கவனம்

தருமபுரி தடங்கம் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. அரூர், பென்னாகரம், பாலக்கோடு பக்கம் இருப்பவர்கள் தங்கள் ஊர் நீதிமன்றத்தில் உள்ள வட்டக் குழுவிடமே போகலாம். பழைய கடன் தகராறுக்கு இங்கே இரண்டு சேவை உண்டு. ஒன்று, வழக்கறிஞரிடம் இலவச ஆலோசனை. இன்னொன்று, மக்கள் நீதிமன்றம் என்கிற லோக் அதாலத். ஆலோசனையை யாருக்கும் தயங்காமல் சிபாரிசு செய்யலாம். லோக் அதாலத் அப்படி அல்ல. ஆலோசனையை முடித்துக்கொண்டுதான் அங்கே போக வேண்டும். வரிசை மாறினால், சட்டப்படி வசூலிக்க முடியாமல் போன கடனுக்கு நாமே கையெழுத்துப் போட்டு உயிர் கொடுத்துவிட்டு வருவோம்.

லோக் அதாலத்தில் சமரசம் ஆனதும் ஒரு தீர்ப்பாணை எழுதி இரண்டு தரப்பிடமும் கையெழுத்து வாங்குகிறார்கள். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி அது சிவில் கோர்ட் டிக்ரிக்கு, அதாவது தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லும் உத்தரவுக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது. டிக்ரியை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு. மூன்று ஆண்டில் காலாவதியான 40,000 ரூபாய்க் கைமாத்து, "மாசம் ரெண்டாயிரம் கட்டுறேன்" என்று அங்கே ஒப்புக்கொண்டால், இன்னும் 12 ஆண்டு துரத்தக்கூடிய டிக்ரியாகிவிடும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் வேலை இரண்டு தரப்பையும் இணங்க வைப்பது. "இது டைம் பார் ஆன கடன்", அதாவது வழக்குப் போடும் காலம் முடிந்துபோன கடன் என்று நம் சார்பில் பேசுவது அவர்கள் வேலை அல்ல. அதைச் சொல்ல வேண்டியது நாமும் நம் வழக்கறிஞரும்தான்.

அதனால் முதல் வேலை தேதிக் கணக்கு. எந்தக் கடனுக்கு எத்தனை ஆண்டு என்பதை 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டம் சொல்கிறது. கேட்டதும் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, நோட்டு எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டு. கடைசியாகக் கேட்ட தேதியிலிருந்து என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. எழுத்தில்லாத கைமாத்துக்குப் பணம் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. தவணை குறிப்பிடாமல் கடனுக்குச் சரக்கு எடுத்திருந்தால் சரக்கு கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. பாலக்கோடு தக்காளி மண்டியில் முன்பணமும் வாங்கி சரக்கும் போட்டு, இரு பக்கமும் பற்று வரவு ஓடும் கணக்கு என்றால் நிலைமை வேறு. கடைசிப் பதிவு விழுந்த கணக்காண்டு முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டு ஓடும். ஆகவே மண்டிக் கணக்கைக் கொடுத்த தேதியை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. நிலத்தை அடமானம் வைத்து வாங்கிய பணத்துக்கு 12 ஆண்டு. நகை அடகு இந்தக் கணக்கிலேயே சேராது. வழக்குப் போடும் காலம் போனாலும் நகை அவர் கையில் இருக்கிறது, முறையான அறிவிப்பு கொடுத்து விற்கும் உரிமையும் இருக்கிறது.

இடையில் கொரோனா காலம் ஒன்று குறுக்கே வருகிறது. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை உள்ள நாட்களைக் கணக்கிலிருந்து கழிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 10.9.2019 தேதி நோட்டு சாதாரணமாக 10.9.2022-ல் முடிந்திருக்கும். இந்தக் கழிவைச் சேர்த்தால் 2024 ஆகஸ்ட் கடைசி வரை உயிரோடு இருந்தது. அதற்குள் வழக்குப் போட்டிருந்தால் அந்த வழக்கு செல்லும். இதை மறந்துவிட்டு "டைம் பார்" என்று பதில் மனு போட்டால் நிற்காது.

அடுத்து நோட்டின் பின்பக்கம். இந்த மாவட்டத்துக் கடன் தகராறுகளில் சண்டை நடப்பது பெரும்பாலும் அங்கேதான். மூன்று ஆண்டு முடியும் முன் ஒரு சிறு தொகை கொடுத்து, அதைக் கடனாளி தன் கையால் எழுதினாலோ, எழுதியதன் கீழ் கையெழுத்துப் போட்டாலோ, அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடும். 8.4.2022 தேதி நோட்டில் 20.3.2025 அன்று "வரவு ரூ.500" என்று எழுதிக் கையெழுத்து விழுந்தால், கெடு 20.3.2028 வரை நீள்கிறது. அதே வரவு 20.4.2025 என்று விழுந்தால் நீட்டிப்பு இல்லை, ஏனென்றால் 8.4.2025-லேயே கெடு முடிந்துவிட்டது. கடன் கொடுத்தவர் தானாக எழுதிக்கொண்ட வரவு, கடனாளியின் கையெழுத்தோ கைரேகையோ இல்லாவிட்டால் நீட்டிப்புக்கு உதவாது. வழக்கு வந்தபின் நோட்டின் நகலை வாங்கிப் பார்க்கும்போது இந்த வரவுகளின் தேதி, மை, கையெழுத்துச் சாய்வு, சாட்சி யார் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது மட்டும் நூறு ரூபாய் வரவு வந்திருந்தால், அந்த வரியை வழக்கறிஞரிடம் தனியாகக் காட்டுங்கள்.

பணம் கொடுக்காமல் எழுத்தில் ஒப்புக்கொண்டாலும் போதும். கெடுவுக்குள் எழுதி கையெழுத்திட்ட "அறுபதாயிரம் பாக்கி உண்டு, இப்போது தர முடியாது" என்ற கடிதம்கூட கெடுவைப் புதுப்பிக்கும். தர மறுத்திருந்தாலும் புதுப்பிக்கும். கெடு முடிந்தபின் அதே கடிதம் எழுதினால் ஒன்றும் ஆகாது. ஆனால் கெடு முடிந்தபின் "தந்துவிடுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால், அது 1872 ஒப்பந்தச் சட்டம் 25(3) பிரிவின்படி புது ஒப்பந்தம். பாக்கி உண்டு என்று சொல்வதற்கும் தருகிறேன் என்று சொல்வதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தில்தான் முழுத் தொகையும் தொங்குகிறது. வங்கியில் "சும்மா பேலன்ஸ் கன்ஃபர்மேஷன்தான்" என்று, பாக்கித் தொகையை உறுதிசெய்யச் சொல்லி நீட்டும் தாளும் இதே ரகம். தேதி போட்ட இடம், தொகை எழுதிய இடம், வாக்குறுதி வாசகம் மூன்றையும் படிக்காமல் கையெழுத்திடக்கூடாது. இறந்துபோன அப்பாவின் கடனுக்கு மகன் பெயரில் புது நோட்டு கேட்டால் எழுதிக் கொடுக்கக் கூடாது. அப்பாவின் சொத்து வந்த அளவுக்குத்தான் வாரிசுக்குப் பொறுப்பு. புது நோட்டில் கையெழுத்திட்டால், பணம் கைமாறவில்லை என்று நிரூபிக்கும் பாரம் மகன் தலையில் விழும்.

இவ்வளவையும் ஆலோசனையில் கேட்டு வாங்கலாம், காசில்லாமல். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் வழக்கறிஞர் உதவி உண்டு. மற்றவர்களுக்கு ஆண்டு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பேசலாம். நேரில் போகும்போது நோட்டின் இரண்டு பக்க நகல், பணம் கட்டிய ரசீதுகள், வந்த நோட்டீஸ் உறையோடு, ஆதார், ரேஷன் கார்டு நகல் ஆகியவை கையில் இருக்கட்டும். உறையை வீசாதீர்கள், தபால் முத்திரைத் தேதி அதில்தான் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் கடன் வாங்கிய தேதி, தொகை, வட்டி, ஒவ்வொரு கட்டணத் தேதி என வரிசையாக எழுதிக்கொண்டு போனால் கிடைக்கும் நேரத்தில் பாதி மிச்சமாகும். போய் உட்கார்ந்து கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னால், முக்கியமான தேதி வருவதற்குள் அடுத்தவர் முறை வந்துவிடும்.

ஆலோசனைக்கு ஐந்தில் நாலரை கொடுக்கலாம். அரை குறைப்பதற்குக் காரணம், வழக்கறிஞர் ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பம், சான்று என்று நாள் பிடிக்கும் என்பதுதான். சம்மன் வந்தவருக்கு அந்த நாள் முக்கியம். பதில் மனுவுக்கு 30 நாள், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. சம்மன் வந்த அன்றே விண்ணப்பம் போடுங்கள். "கடன் காலாவதி ஆயிடுச்சு, கோர்ட்டே தள்ளிடும்" என்று வீட்டில் இருந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. காலங்கடந்த வழக்கை எதிர்த்தரப்பு சொல்லாவிட்டாலும் கோர்ட் தள்ள வேண்டும் என்று காலவரையறைச் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்வது உண்மை. ஆனால் நோட்டின் பின்னால் ஒரு வரவைக் காட்டிவிட்டால், அது பொய் என்று சொல்ல ஆள் இல்லாதபோது ஒருதலைத் தீர்ப்புதான் வரும். அதை ரத்து செய்ய மனுப்போட 30 நாள். தாமதித்தால் காரணம் காட்டித் தாமத மன்னிப்பு கேட்க வேண்டும். பெயரில் ஏற்கெனவே வழக்கு இருக்கிறதா என்று இ-கோர்ட்ஸ் செயலியில் மாவட்டம், நீதிமன்ற வளாகம், ஆண்டு, பெயர் கொடுத்துத் தேடலாம். பெயரின் எழுத்துக்கூட்டலை இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பாருங்கள்.

லோக் அதாலத்துக்கு என் மதிப்பு ஆளைப் பொறுத்தது. கெடு முடியாத, உண்மையான கடன் உள்ளவருக்கு இது அருமையான இடம். தேசிய அளவில் ஆண்டுக்கு நான்கு முறை, பெரும்பாலும் சனிக்கிழமை நடக்கிறது. கட்டணம் இல்லை, நிலுவை வழக்கு சமரசமானால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பும். ஒரு லட்ச ரூபாய் வழக்கில் அது மூவாயிரம். வட்டியைக் குறைத்துத் தவணை கேட்கவும் இங்கே வழி உண்டு. கெடு முடிந்த கடனுக்கோ, "தர மனமில்லை" என்று எழுந்து வந்துவிடலாம். சமரசமில்லை என்றால் வழக்கு கோர்ட்டுக்கே திரும்பும், வழக்குக்கு முந்தைய மனு என்றால் அதோடு முடிந்தது. யாரும் கையெழுத்திடக் கட்டாயப்படுத்த முடியாது. கடன் கொடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: இங்கே மனு போட்டிருக்கிறோம், கெடு நின்றுவிட்டது என்று நம்பி இருக்காதீர்கள். மூன்று ஆண்டு முடிகிற மாதம் என்றால் முதலில் வழக்கைத் தாக்கல் செய்துவிட்டு, பிறகு சமரசத்துக்கு வாருங்கள்.

கடன் காலாவதி ஆனாலும் கேட்கும் உரிமை போவதில்லை, கோர்ட்டு வழியாக வசூலிக்கும் வழிதான் அடைபடுகிறது. மனமுவந்து கட்டினால் திருப்பிக் கேட்க முடியாது. அதே ஆளிடம் 2018-ல் ஒன்றும் 2024-ல் ஒன்றும் என இரண்டு கடன் இருந்தால், எதற்குக் கட்டுகிறோம் என்று சொல்லாத பணத்தை அவர் பழைய கடனுக்கு வரவு வைத்துக்கொள்ளலாம். ரசீதில் "2024 நோட்டுக்கு" என்று எழுதச் சொல்லுங்கள். வங்கியின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது. அழைத்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். விவரம் கேட்க 14448. வட்டிக்கு விட்டவர் மிரட்டினால் 2003-ம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டத்தின்கீழ் காவல் நிலையத்தில் புகார் தரலாம்.

சமரசம் முடிந்து பணம் கட்டிவிட்டால் தீர்ப்பாணை நகலோடு அசல் நோட்டையும் கையில் வாங்குங்கள். குறுக்கே கோடு போட்டு, "முழுதும் வரவாயிற்று" என்று கொடுத்தவர் கையெழுத்துடன் இருக்க வேண்டும். நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த நோட்டோ செக்கோ இருந்தால் அதையும் எண்ணிக் கேளுங்கள். தொலைந்துவிட்டது என்று சொன்னால், தொலைந்தது இன்ன நோட்டு, இன்ன எண் செக் என்ற வரியையும் தீர்ப்பாணையிலேயே எழுதச் சொல்லி, பிறகு கையெழுத்திடுங்கள்.