இரைப்பைப் பட்டியோடு யாழ்ப்பாணம் போய் வந்த கதை

எடை குறைக்க இரைப்பையில் பட்டி போட்டவர்கள் ஊருக்குப் போனால் என்னத்தைச் சாப்பிடுவது, ஏதும் நடந்தால் எங்கே போவது என்று மெல்பேர்ணில் என்னிடம் கேட்டவர்கள் பலர். பட்டி போட்ட பிறகு முதற்தடவையாக யாழ்ப்பாணம் போய் வந்திருக்கிறேன். விமானம், ரயில், விடுதி, சைவக்கடை, தனியார் வைத்தியசாலை, கல்யாண மண்டபம் என்று போன இடமெல்லாம் அந்தப் பட்டிக்காக யாரிடமாவது ஏதாவது கேட்க வேண்டியிருந்தது. முதலே சொல்லிவிடுகிறேன்: ஒரு கணவாய்த் துண்டைத் தவிர, ஊர்ச் சாப்பாட்டால் எனக்குப் பெரிய கரைச்சல் வரவில்லை. ஊரில் பரிமாறுகிற வேகத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி ஒரு சிலிக்கோன் பட்டியை மாட்டுகிறார்கள். அதற்கு மேலே 15 முதல் 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பை ஒன்று உண்டாகும். பட்டியின் உட்பக்கத்தில் பலூன். அதிலிருந்து ஒரு குழாய் வந்து வயிற்றுத் தோலுக்குக் கீழே இருக்கும் 'போர்ட்' என்ற குமிழில் முடியும். அந்தக் குமிழில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் பட்டி இறுகும், எடுத்தால் இளகும். வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியாக இதைப் போடுவது 1993இல் பெல்ஜியத்தில் தொடங்கியது. மெல்பேர்ணில் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் போல் ஓ பிரையன் இதை ஊன்றி வளர்த்தார். அவுஸ்திரேலியாவில் ஒரு காலத்தில் எடை குறைப்புச் சத்திரசிகிச்சை என்றாலே இதுதான். இப்போது பெரும்பாலும் இரைப்பையை வெட்டிக் குறுக்கும் ஸ்லீவ் முறைதான் நடக்கிறது. என்னைப் போன்றவர்கள் கடைசிக் கூட்டம்.

பட்டிக்காரரின் சட்டங்கள் எளிமையானவை, கடைப்பிடிப்பதுதான் சீவன் போகிற வேலை. ஒரு நேரத்துக்கு அரைக் கோப்பை. ஒரு வாய் இருபது சத நாணயத்தின் அகலத்துக்கு மேலே போகக்கூடாது. நன்றாக மென்று விழுங்கி, ஒரு நிமிடம் கழித்து அடுத்த வாய். சாப்பிடும்போது தண்ணீர் இல்லை. சோடா அறவே இல்லை. மீறினால் சாப்பாடு நெஞ்சுக்குள் நின்றுவிடும். வாயில் நுரைநுரையாக உமிழ்நீர் ஊறும், இடது தோள்மூட்டு உளையும், கடைசியில் எழும்பி ஓட வேண்டியதுதான்.

புறப்பட முதல் கிளினிக்குக்குப் போய்க் கொஞ்சம் உப்புநீரை எடுத்துவிடச் சொன்னேன். நீண்ட பயணம் போகிறவர்களுக்கு இதைச் செய்து தருவார்கள். விமானத்தில் உடம்பு வரண்டு, பட்டி இறுகின மாதிரி இருப்பது எங்களில் பலருக்கும் வழக்கம். மெல்பேர்ண் – கொழும்பு நேரடி விமானத்தில் மென்மையான சாப்பாடு கேட்டு முன்பே பதிந்திருந்தேன். வந்தது மசித்த உருளைக்கிழங்கும் ஒரு இறுகின பணிசும். பணிசைப் பக்கத்துச் சீற்றுத் தம்பி சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். பணிப்பெண்ணிடம் வெந்நீர் கேட்டபோதெல்லாம் முகம் கோணாமல் தந்தா. மிடறு மிடறாகக் குடித்தே வந்து சேர்ந்தேன்.

கொழும்புக் கோட்டையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில். 2014இல் பாதை திரும்பத் திறந்த பிறகு எனக்கு இதுதான் ஊருக்குப் போகப் பிடித்த வழி. வடை, கடலை, கச்சான் என்று ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். றால் வடையின் வாசம் பெட்டி முழுக்க. நான் வெட்டின பப்பாசிப் பழத்தோடு நிறுத்திக்கொண்டேன். பட்டிக்காரருக்கு வழிப்பயணத்தில் அதைவிட நம்பகமான சாப்பாடு இல்லை.

இனிச் சாப்பாட்டு விஷயம். இங்கே உணவு ஆலோசகர் தருகிற தாளில் தோசை, புட்டு எதுவும் இருக்காது. பாண், சோறு, பாஸ்தா கவனம் என்று இருக்கும், அவ்வளவுதான். மிச்சத்தை நாங்களே தொண்டையால் கண்டுபிடிக்க வேண்டும். வருத்தக்காரருக்கு நல்லது என்று ஊரே சொல்லும் இட்டலி எனக்கு இறங்கவில்லை. மெத்தென்று இருக்கிறதே தவிர, மென்றால் களியாகத் திரண்டு அடைத்துக்கொள்கிறது. சுடு பாணின் நடுப்பகுதியும் அப்படித்தான். இட்டலி மாவிலேயே மெல்லிசாக முறுகச் சுட்ட தோசை மென்றால் தூளாகிவிடும். ஒரு சத்தமும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. ஆகவே சைவக்கடையில் நான் கேட்டது, 'ஒரு தோசை, நல்லா முறுகலா, சாம்பார் கொஞ்சம் தள்ளி'. முதல் நாள் பரிமாறிய பெடியன் வழக்கம்போல மூன்று தோசையைத் தட்டில் போட்டுவிட்டான். ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்றதும், "ஏன் அக்கா, உப்புக் கூடிப்போச்சோ?" என்று உண்மையான கவலையோடு கேட்டான்.

புட்டு உலர்ந்தபடி என்றால் கிட்டவும் போக வேண்டாம். பால் விட்டுக் குழைத்து, கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தோடு பிசைந்தால் மூன்று நான்கு வாய் போகும். இடியப்பம் சிவப்பு அரிசிமாவில் அவித்ததாக இருந்து, சொதியில் ஐந்து நிமிடம் ஊறினால் அதைப்போல ஒன்று இல்லை. நான் நின்ற விடுதியை நடத்துகிற தங்கச்சி இதை இரண்டாம் நாளே பிடித்துவிட்டா. காலையில் ஒரு இடியப்பத்தைச் சொதிக்குள் போட்டு மூடி வைத்து, நான் குளித்து வரும்வரை காத்திருப்பா. காசும் அதற்கேற்றபடி குறைத்தா. நான் கேட்கவே இல்லை.

மீனும் நண்டுச் சதையும் பயமில்லை. விளைமீன் தண்ணிக்குழம்பை நான் மனம் நிறையச் சாப்பிட்டேன். ஆட்டிறைச்சி, கோழியின் நெஞ்சுப் பகுதி இரண்டும் நார். கணவாய் எல்லாவற்றிலும் மோசம். ஒடியல் கூழில் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் கணவாயும் மூடிக் கிடக்கும். கூழின் சாற்றை மட்டும் குடித்தால் சுகமாக இறங்கும், ஆனால் அங்கே வேறொரு பொறி இருக்கிறது. நீராக இருப்பது எதையும் பட்டி தடுக்காது. நல்லூரடியில் றியோவில் ஒரு பெரிய கிண்ணம் ஐஸ்கிரீமை என்னால் முழுதாகச் சாப்பிட முடிந்தது. அரைக் கோப்பைச் சோறு முடியாத ஆளுக்கு அது போனது எப்படி என்றால், உருகி வழுக்கிக்கொண்டு போகிறது. பட்டி போட்டும் எடை குறையவில்லை என்று குறைப்படுகிற பலருடைய கணக்கு இங்கேதான் பிழைக்கிறது.

சொந்தக்காரர் வீடுகள் தனி அத்தியாயம். வாசற்படி ஏறினதும் சோடா உடைத்துத் தருவார்கள். வேண்டாம் என்றால் கோபிக்கிறார்கள், பட்டி என்று விளக்கினால் சட்டையைத் தூக்கிப் போர்ட்டைக் காட்டச் சொல்கிறார்கள். ஒரு மாமி, "என்ன பிள்ளை, கோழி கொத்தின மாதிரிக் கொறிக்கிறாய்? சமையல் பிடிக்கேல்லையோ?" என்று அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தா. பிறகு ஒரு மச்சாள்தான் வழி சொன்னா: "கஸ்ரிக் எண்டு சொல்லுங்கோ, ஒருத்தரும் வாய் திறக்காயினம்." அப்படியே நடந்தது. வீட்டுக்கு வீடு கஸ்ரிக்காரர், அதாவது வயிற்றெரிவுக்காரர், இருக்கிற ஊரில் அந்த ஒரு சொல்லுக்கு உடனே கஞ்சி வருகிறது, சோடா போய் வெந்நீர் வருகிறது, கூடவே ஆளுக்கொரு கைவைத்தியமும் வருகிறது.

வைத்தியசாலைக் கதைக்கு வருகிறேன். ஒரு வீட்டில் கூழுக்குள் கிடந்த கணவாய்த் துண்டு ஒன்று நெஞ்சில் சிக்கி, பெரும்பாடு பட்டு வெளியே வந்தது. துண்டு போய்விட்டாலும் அந்த இடம் வீங்கிவிடும். பட்டி இருந்த அளவே இருக்க, வழி ஒடுங்கிவிடும். மறுநாள் காலை தண்ணீர்கூட இறங்கவில்லை. தண்ணீர் இறங்காவிட்டால் காத்திருக்கக் கூடாது என்பது பட்டிக்காரருக்குச் சொல்லித் தருகிற முதற் பாடம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வைத்தியசாலைக்குப் போனேன். முன்மேசையில் இருந்தவர் நான் சொன்னதைப் பாதியில் வெட்டி, வயிற்று வைத்தியரைச் சனல் பண்ணுங்கோ (காசு கட்டிப் பார்க்கப் பதியுங்கோ), நம்பர் வரும், இருங்கோ என்றார். இருந்தேன், நிறைய நேரம் இருந்தேன். துப்பல் ஏனத்தோடு இருக்கிற பெண்ணைப் பார்த்தும் யாரும் எழும்பவில்லை. கடைசியில் தோள்மூட்டு உளைவு என்று சொன்னதுதான் வேலை செய்தது. உடனே உள்ளே எடுத்து ஈசிஜி பிடித்தார்கள். இதயமாக இருக்கலாம் என்று முதலில் பார்த்தது சரியான காரியம், அதில் எனக்குக் குறையில்லை.

கடமையில் இருந்த இளம் வைத்தியர் பட்டியை நேரே கண்டதில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். என் கைப்பையில் மெல்பேர்ண் வைத்தியரின் கடிதம் இருந்தது: எந்த வகைப் பட்டி, இப்போது உள்ளே எத்தனை மில்லிலீற்றர், போர்ட் எந்த இடத்தில், அவசரமென்றால் என்ன செய்வது என்று ஒரே பக்கத்தில். அதை அவர் இரண்டு தரம் வாசித்தார், படம் எடுத்துச் சத்திரசிகிச்சை நிபுணருக்கு அனுப்பினார். நிபுணர் அரசாங்க ஆஸ்பத்திரி வேலை முடித்துப் பின்னேரம்தான் சனலுக்கு வருவார். அதுவரைக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பட்டி நழுவவில்லை என்று பார்த்தார்கள், சேலைன் ஏற்றினார்கள். வாந்தி கூடினவர்களுக்கு வைற்றமின் பி1 குறையக்கூடும் என்று கடிதத்தில் இருந்ததால் அதையும் சேர்த்தார்கள்.

ஊசிதான் அடுத்த சிக்கல். போர்ட்டைச் சாதாரண ஊசியால் குத்தினால் அதன் சிலிக்கோன் மூடியில் துளை விழுந்து ஒழுகத் தொடங்கும். ஹியூபர் ஊசி என்று நுனி வளைந்த ஒன்று வேண்டும். நான் இரண்டு கொண்டு போயிருந்தேன். எடுத்துக் காட்டியதும், அங்கே நின்ற மூத்த தாதி, "இதோ, இது கீமோ போர்ட்டுக்குக் குத்துற ஊசியெல்லே" என்றா. முன்பு புற்றுநோய் விடுதியில் வேலை செய்தவவாம். நிபுணர் வந்ததும் அவதான் என்னைத் தலையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, வயிறு இறுகினபோது குமிழை இரண்டு விரலால் பிடித்துக் கொடுத்தா. அவர் ஒரே குத்தில் உப்புநீரை எடுத்தார். எழுப்பி இருத்தி ஒரு கோப்பை தண்ணீர் தந்தார்கள். குடித்தேன். மெல்பேர்ணிலும் இதேதான் செய்வார்கள். தண்ணீர் இறங்கினதைப் பார்க்காமல் வீட்டுக்கு விடமாட்டார்கள். முன்மேசைக்கு என்னிடமிருந்து ஒரு புள்ளியும் இல்லை. உள்ளே இருந்தவர்களுக்கு முழுப் புள்ளி.

மருந்துக்கடையில் ஒன்று கவனியுங்கள். வலி என்று சொன்னால் டைக்குளோபெனாக் மாதிரியான குளிசையைச் சட்டென்று எடுத்துத் தருவார்கள். அது இரைப்பைக்கு ஆகாதது, பட்டிக்காரருக்கு விலக்கு. பரசிற்றமோல் பாணி கேளுங்கள். சின்னப் பிள்ளைக்கோ என்பார்கள், எனக்குத்தான் என்று சொல்லி, பெரியவர்களுக்கான அளவையும் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாகக் கல்யாணம். நான் போன காரணமே அதுதான். வாழையிலைப் பந்தி என்றால் உங்களுக்குத் தெரியும்: இலை விழுந்து, சோறு விழுந்து, நான் முதல் வாயை மென்று முடிக்கும்போது அடுத்தவர் பாயசத்துக்கு வந்திருப்பார், என் கதிரைக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு நிற்பார். அந்த நெருக்கத்தில் அவசரப்பட்டு விழுங்கினால் மண்டபத்துக்கு நடுவே மானம் போகும். மண்டபத்தில் சமையலுக்குப் பொறுப்பாக நின்ற ஐயாவிடம் முதல் நாளே போய்க் கதைத்தேன். சத்திரசிகிச்சை, பட்டி ஒன்றும் சொல்லவில்லை. கஸ்ரிக், ஆறுதலாகத்தான் சாப்பிடலாம் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, "அப்ப எங்களோடை கடைசிப் பந்தியிலை இருங்கோ பிள்ளை. பின்னாலை ஒருத்தரும் நிக்காயினம்" என்றார்.

பரிமாறினவர்கள், சமைத்தவர்கள், மேளகாரர் என்று எல்லோரும் களைத்துப்போய் உட்காருகிற பந்தி அது. அவர்களும் அவசரப்படவில்லை. குழைந்த சோற்றில் ஒரு பிடி, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறியில் இரண்டு துண்டு. அரை மணித்தியாலம் இருந்து சாப்பிட்டேன், ஒரு தரமும் நெஞ்சில் நிற்கவில்லை. பாயசம் முடிந்துபோயிருந்தது. வழுக்கிப் போகிற சாமான்களில் அது முதலாவது என்பதால் நான் கேட்கவும் இல்லை.