தொங்கு சுருளா, கைச்சுருளா: சீன ஓவியத்தில் மலை ஏறும் இரு வழிகள்

சீன ஓவியர் ஃபான் குவான் கி.பி. 1000 வாக்கில் பட்டில் வரைந்த 'மலைகள், ஓடைகளிடையே பயணிகள்' தொங்கு சுருள், அதாவது சுவரில் நெடுக்காகத் தொங்கவிடும் ஓவியம். உயரம் 206 செ.மீ. படத்தின் பெரும்பகுதியை ஒற்றை மலையே அடைத்து நிற்கிறது. வலது அடியில் சுமை ஏற்றிய கோவேறு கழுதைகளும் ஆட்களும் விரல்நுனி அளவில். கைபேசியில் பார்த்தால் முதலில் காணாமல் போவது இவர்கள்தான். அவர்கள் இல்லையேல் மலையின் பருமனும் பிடிபடாது. வழியைக் கண் கீழிருந்து தேடுகிறது, நடுவே மூடுபனி அதை அறுத்துவிடுகிறது.

இன்னொரு சீன ஓவியர் ஹுவாங் கோங்வாங் 1350-இல் முடித்த ஃபூச்சுன் மலை ஓவியம் கைச்சுருள், தாளில் வரைந்தது. உயரம் 33 செ.மீ. மட்டும், நீளம் 6 மீட்டருக்கும் மேல். வலமிருந்து இடமாக, ஒரு கை அகலம் விரித்து, பார்த்ததைச் சுருட்டியபடி நகர வேண்டும். கண்ணாடிப் பேழையில் முழுதும் விரித்து வைத்தால் அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பே போய்விடும். 1650-இல் தீயில் இட்டு மீட்டதில் இது இரண்டானது: சிறு துண்டு சீனாவின் ஹாங்சோவில், பெரியது தைவானின் தைபேயில்.

வரைந்து பழக, மலைச்சரிவைக் காட்ட ஹுவாங் இட்ட சணல்நார் போன்ற கோடே எளிது: தூரிகையை நிமிர்த்தி, நீண்ட தளர்ந்த இழுப்பு, முதலில் வெளிர் மை, காய்ந்தபின் அடர் மை. எல்லாம் ஒரே அடர்த்தியானால் மலை தட்டையாகிவிடும். பாறையைக் காட்ட ஃபான் குவான் மழைத்துளி போலக் குத்திய சிறு புள்ளிகளுக்கோ தூரிகையில் ஈரம் குறைய வேண்டும். பசையிடாத தாளில் கொஞ்சம் கூடினாலும் புள்ளிகள் ஊறி ஒன்றாகி, பாறை சேறாகிவிடும்.