முதலாண்டு லேப்: இரண்டு பேரா, மூன்று பேரா, நாலு பேரா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பி.எஸ்சி. சேர்ந்த பிள்ளைகளுக்கு இயற்பியல் லேப்பில் முதல் கேள்வி, யாரோடு சேர்ந்து செய்வது என்பதுதான். நண்பர்களாகச் சேர்வதா, வரிசை எண்படியா என்பது அப்புறம். முதலில் ஒரு மேசைக்கு எத்தனை பேர்?

நாலு பேர் ஏற்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒளி திரும்பும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரின் தொலைநோக்கியில் ஒரு நேரத்தில் ஒரு கண்தான் வைக்க முடியும். இன்னொருவர் வெர்னியர் என்ற நுண்ணளவுகோலைப் பார்ப்பார், மூன்றாமவர் எழுதுவார். நாலாமவர் டவுன் பஸ் நேரத்தை யோசித்துக்கொண்டு நிற்பார். சாயங்காலம் அடுத்தவர் அப்சர்வேஷன் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வார். கருவி போதாத இடத்தில் வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

இரண்டு பேர் என்றால் ஒதுங்கி நிற்க இடமில்லை. தனி ஊசலில் ஒருவர் அலைவுகளை எண்ண, மற்றவர் ஸ்டாப்வாட்ச் பிடிக்கலாம். நூலின் நீளத்தை மாற்றும்போது வேலையையும் மாற்றிக்கொள்ளலாம். தொல்லை என்னவென்றால், இருவரும் சேர்ந்து தப்பாக எண்ணினால் தட்டிக் கேட்க ஆளில்லை. ஒருவர் கை வேகமாக இருந்தால் மற்றவர் கடைசி வரை எழுத்தர்தான்.

எனக்குப் பிடித்தது மூன்று பேர். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் பாட்ரிசியா ஹெல்லரும் மார்க் ஹொலபாவும் இதைப் பார்த்து 1992இல் எழுதினார்கள். திறமை கலந்த மூவர் குழுவே நன்றாக வேலை செய்தது. நடத்துபவர், எழுதுபவர், சந்தேகப்படுபவர் என்று பொறுப்பும் பிரித்தார்கள். அது கணக்குப் போடும் வகுப்பில் கண்டது. லேப்புக்கும் சந்தேகப்படுபவர் ரொம்பத் தேவை என்பேன். “சுழிப்பிழை பார்த்தியா?” என்று, அதாவது அளக்கும் முன்பே கருவி சுழியில் நிற்கிறதா என்று, கேட்க ஒருவர் இருந்தாலே பாதி ரீடிங் தப்பிக்கும். ஆனால் இரண்டு பையன், ஒரு பெண் என்று அமைந்த குழுக்களில் பையன்கள் சொன்னதே நடந்தது என்பதையும் அவர்கள் குறித்திருக்கிறார்கள். இருபாலர் கல்லூரிகளில் குழு பிரிக்கும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, பொறுப்பை அவர்களே பிரித்துக்கொள்ளட்டும் என்று விடலாமா? கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2020இல் வந்தது. படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் பழைய பாணி லேப்பில் ஆண், பெண் வேலையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாணவர்களே தீர்மானிக்கும் புதிய பாணி லேப்பில்தான், யாரும் சொல்லாமலே ஆணுக்கு ஒரு வேலை, பெண்ணுக்கு ஒரு வேலை என்று பிரிந்தது. புதிய பாணியை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சோதனைக்குச் சோதனை பொறுப்பை மாற்றுவது ஆசிரியர் கையில் இருக்கட்டும். நண்பர்களா, வரிசை எண்ணா என்ற சண்டையும் அப்போது பாதியாகக் குறையும். நண்பர்கள் குழுவில் பேச்சு நன்றாக ஓடும், ஊர்க்கதையும் சேர்ந்தே ஓடும்.

வேதியியல் லேப்பில், ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் டைட்ரேஷன் மட்டும் தனியாகச் செய்ய வேண்டியது. வெளிர் இளஞ்சிவப்பு எந்தச் சொட்டில் வந்தது என்பதை அவரவர் கண்ணால்தான் பழக வேண்டும். பிராக்டிகல் தேர்விலும் பியூரெட் என்ற அந்தச் சொட்டுவிடும் குழாய் முன்னால் தனியாகத்தான் நிற்கப்போகிறார்கள். பக்கத்து மேசையோடு அளவை ஒப்பிடட்டும், தன் ரீடிங்கைப் பேனாவால் எழுதிய பிறகு.