மணலில் படுத்துப் பாடுவதா, ஆறு திரைகளில் ஓடும் வீடியோவா?

பூமி சூடாவதைப் பற்றிய இரண்டு கலைப்படைப்புகளில் எதைக் காட்சிக்கு வைக்கலாம்? 2019 வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் தங்கச் சிங்கம் விருது வென்ற லிதுவேனியாவின் ‘சன் அண்ட் சீ’ நேரடி நிகழ்த்துகலை. மாடியில் நின்று கீழே பார்த்தால் மணல் கொட்டிய செயற்கைக் கடற்கரை. துண்டு விரித்து, நீச்சலுடையில் படுத்தபடியே பாடுகிறார்கள். சன்ஸ்கிரீன் பூசுவதும் பாட்டுதான். பூமி சூடாகும் சேதி சோம்பலுக்கு நடுவே கசிந்து வருகிறது.

பிரிட்டிஷ் கலைஞர் ஜான் அகோம்ஃப்ராவின் ‘பர்ப்பிள்’ (2017) வீடியோ: ஆறு திரைகள், சுமார் ஒரு மணி நேரம். தொழிற்சாலைக் காலத்துப் பழைய படச்சுருள்களோடு அலாஸ்கா, கிரீன்லாந்து நிலக்காட்சிகள். எதைப் பார்ப்பதென்று கழுத்துதான் அலையும். பூமியைச் சூடாக்கியது யார், எப்போதிருந்து என்ற கணக்கு இதில்தான் கனமாக இருக்கிறது.

என் ஓட்டு மணலுக்கே. லீவுக்கு வந்து படுத்திருப்பவர் அப்படியே நம்மைப் போல இருக்கிறார். செலவு பார்ப்பவர்களுக்கு ‘பர்ப்பிள்’: டன் கணக்கில் மணலும் வேண்டாம், தினமும் பாட ஆளும் வேண்டாம்.