கற்பனைப் பெயர்களை வாய்விட்டுப் படிக்க ஒரு நூல்: கிளிங்கன் அகராதி

அறிவியல் புனைகதைகளை ஆங்கிலத்தில் படிக்கிறவர்களில் பலர் அவற்றில் வரும் வேற்றுக்கிரகப் பெயர்களைப் படிப்பதில்லை. அவற்றின் உருவத்தை மட்டும் கண்ணால் அடையாளம் கண்டு கடந்துவிடுகிறார்கள். அமைதியாகப் படிக்கும்வரை இதில் இடர்ப்பாடு எதுவும் இல்லை. ஒரு நண்பரிடம் அந்த நாவலைப் பற்றிப் பேச வாய் திறக்கும்போதுதான், நானூறு பக்கம் கூடவே வந்த ஒரு பாத்திரத்தின் பெயர் நமக்குத் தெரியாது என்பது தெரியவருகிறது. நாவலின் இறுதியில் சொற்பட்டியல் இருந்தாலும் அது பெரும்பாலும் பொருளைச் சொல்லுமே ஒழிய, அந்தச் சொல் வாயின் எந்த இடத்தில் பிறக்கிறது என்பதைச் சொல்லாது. இந்தக் குறையை உண்மையாகவே தீர்த்துவைத்த நூல் என்று நான் கருதுவது மார்க் ஓக்ராண்ட் எழுதிய கிளிங்கன் அகராதியை. பாக்கெட் புக்ஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்டு, 1992இல் இணைப்புப் பகுதியோடு விரிவாக்கிய, ஏறத்தாழ 190 பக்கங்கள் கொண்ட சிறிய காகித அட்டைப் புத்தகம் அது. கிளிங்கன் மொழியைக் கற்கும் எண்ணமே இல்லாதவரும் இதன் முதல் அத்தியாயத்துக்காக மட்டும் இதை வாங்கலாம்.

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொடரின் கதைகளில் வரும் போர்க்குணம் மிக்க வேற்றுக்கிரக இனத்தாரின் மொழி கிளிங்கன். 1979இல் வெளிவந்த முதல் திரைப்படத்துக்காக, அதில் நடித்த ஜேம்ஸ் டூஹன் சில சொற்களை ஒலித்துக் காட்டினார். 1984இல் வந்த மூன்றாம் படத்துக்காக ஓக்ராண்ட் அந்தச் சில ஒலிகளை அடித்தளமாக வைத்து முழு மொழியையும் கட்டினார். அவர் மொழியியலாளர், கலிபோர்னியாவின் பழங்குடி மொழிகளுள் ஒன்றான முட்சுன் மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்து 1977இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்த மொழியைப் பேசுவோர் அப்போது எவரும் உயிருடன் இல்லை. முன்னோர் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டுதான் அவர் அதன் இலக்கணத்தை வடிக்க வேண்டியிருந்தது. பேசிக் காட்ட ஆளில்லாத மொழியை எழுத்திலிருந்து மீட்டெடுத்தவர் என்பதால்தான், எழுத்து எந்தச் செய்தியைத் தவறவிட்டால் ஒலி தொலைந்துபோகும் என்பதை இவர் இவ்வளவு துல்லியமாக அறிந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நூலின் உயிர் அதன் ஒலிப்பு அத்தியாயம். மெய்யொலிகள் 21, உயிரொலிகள் 5. ஒவ்வொன்றுக்கும் முதலில் ஆங்கிலச் சொல் ஒன்று எடுத்துக்காட்டாக வருகிறது. ஆங்கிலத்தில் இல்லாத ஒலி என்றால், நாக்கு எங்கே தொட வேண்டும், காற்று எந்த வழியாக வெளியேற வேண்டும், தொண்டை அதிர வேண்டுமா கூடாதா என்று ஆசிரியர் உறுப்புகளின் செயலைச் சொல்கிறார். தொல்காப்பியத்தின் பிறப்பியல் ‘டகார ணகாரம் நுனிநா அண்ணம்’ என்று எழுத்தை அதன் பிறப்பிடத்தால் வரையறுப்பதைப் படித்துப் பழகிய நமக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது. ஆங்கில அகரவரிசையின் நான்காம் எழுத்தான டி, கிளிங்கனில் எப்போதும் பெரிய வடிவத்தில்தான் எழுதப்படுகிறது. அதை ஒலிக்க நுனிநாக்கு பல்லுக்கும் பின்னண்ணத்துக்கும் நடுவில் அண்ணத்தைத் தொட வேண்டும் என்கிறது நூல். ஆங்கிலேய வாசகர் கண்ணாடி முன் நின்று பயில வேண்டிய இந்த ஒலி நமக்கு ‘நாடு’ என்ற சொல்லில் வரும் டகரத்துக்கு மிக அருகில் உள்ளது. பெரிய எஸ் எழுத்தும் அதே இடத்தை நோக்கி நாக்கை உயர்த்திச் சொல்லப்படுவதால் ‘கஷ்டம்’ என்பதில் வரும் ஷகரத்தைப் போல ஒலிக்கிறது. சொல்லின் முதலில் ஙகரம் வருவது ஆங்கிலம் மட்டும் அறிந்தவரைத் தடுமாற வைக்கும். ‘ஙப் போல் வளை’ என்று ஐந்து வயதில் ஒப்பித்தவருக்கு அது பழைய தோழமை.

தமிழர் எல்லாவற்றிலும் முந்திவிடுவோம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பகரம், தகரம் ஆகியவற்றுக்கு நிகரான கிளிங்கன் ஒலிகளை மூச்சுக்காற்று வெடித்து வெளிவரும்படி அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நூல் வலியுறுத்துகிறது. நம் மொழியில் அத்தகைய மூச்சொலிகள் இல்லாததால், நம் பழக்கப்படி மென்மையாகச் சொன்னால் அது பிழையாகவே முடியும். இன்னொரு இடம் ககர இனம். ஆங்கிலத்தின் ‘கே’ எழுத்தே இந்த எழுத்துமுறையில் கிடையாது. அதற்குப் பதிலாகச் சின்ன கியூ, பெரிய கியூ என்று இரண்டு உண்டு. சின்ன கியூ, நாக்கின் அடிப்பகுதி ககரத்துக்கும் பின்னால் சென்று தொண்டையை நெருங்கிப் பிறப்பது. பெரிய கியூ அதே இடத்தில், ஆனால் கரகரப்போடு, உரசலோடு, மிகுந்த வலுவோடு பிறப்பது. இவற்றைக் குழப்பினால் பொருளே மாறும்: ‘காஹ்’ என்று தமிழில் எழுதக்கூடிய சொல் சின்ன கியூவில் தொடங்கினால் ‘ஐயா’ என்ற மரியாதை விளி, பெரிய கியூவில் தொடங்கினால் ‘உதவு’ என்ற வினை. இடையில் நின்று மெலியும் நம் ககரத்தை, ‘பகல்’ என்று விரைவாகச் சொல்லும்போது வருவதை, கவனித்துப் பார்த்தவர்கள் ‘ஜி-ஹெச்’ என்று எழுதப்படும் முணுமுணுப்பொலியை ஓரளவு எளிதாகப் பிடித்துவிடலாம்.

ஆங்கில அகரவரிசையின் இருபதாம் எழுத்தான டீ, அதோடு எல், ஹெச் ஆகிய மூன்று எழுத்துகளும் கூடிக் குறிக்கும் ஒற்றை ஒலிதான் எல்லோருக்கும் கடினமானது. நுனிநாக்கை மேலே ஒட்டவைத்து, நாக்கின் பக்கங்களை மட்டும் தாழ்த்தி, காற்றை இருபுறமும் உரசலோடு தள்ள வேண்டும். நம் ழகரமோ ளகரமோ இதற்கு உதவா. மெக்சிகோவின் ஆஸ்டெக் மொழியில் முட்டையைக் குறிக்கும் சொல்லின் இறுதியொலியை ஓக்ராண்ட் ஒப்புக்குச் சொல்கிறார். அந்த மொழி தெரிந்த வாசகர் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது வேறு, ஆனால் உலகில் மனிதர் உண்மையாகவே பேசும் ஒலி இது என்ற உறுதியை அந்த ஒப்புமை தருகிறது. இந்த ஒலியைப் பயின்ற பிறகுதான் ஓர் உண்மை விளங்குகிறது. அந்த மொழியில் ‘கிளிங்கன்’ என்ற பெயரே இந்த ஒலியில்தான் தொடங்குகிறது. பூமியினரின் காதில் அது ‘கிள’ என்று விழுந்தது என்று கொள்ள இடம் இருக்கிறது. அவர்களுடைய தாய்க்கிரகத்தை ஆங்கிலத்தில் ‘க்ரோனாஸ்’ என்கிறார்கள். ஓக்ராண்டின் எழுத்துமுறையில் அந்தப் பெயரில் ரகரமே இல்லை. முதலில் நிற்கும் பெரிய கியூவின் கரகரப்புத்தான் ‘க்ர’ என்று கேட்கிறது. இப்படி ஒரு பெயரின் இரு வடிவங்களுக்கும் காரணம் காட்டுவது, கதைக்குள் இருக்கும் உலகத்தை நம்பத்தக்கதாக ஆக்குகிறது. வரைபடமும் வம்சாவளியும் தராத நம்பிக்கை இது.

மேற்குறியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அறிவியல் புனைகதைப் பெயர்களின் நடுவில் காற்புள்ளியைத் தூக்கி மேலே வைத்தாற்போல ஒரு குறி நிற்பதை எல்லா வாசகரும் பார்த்திருப்போம். பெரும்பாலான நாவல்களில் அது வேற்றுலகச் சாயலைத் தரும் அலங்காரமே; அதை எப்படிச் சொல்வது என்று அந்தக் கதையின் மாந்தருக்கே தெரியாது போலிருக்கும். ஸ்டார் ட்ரெக்கிலும் 1989இல் வந்த கெஹ்லர் என்ற பாத்திரத்தின் பெயரில் முதல் எழுத்தை அடுத்து அப்படி ஒரு குறி உண்டு. ஓக்ராண்டின் முறையில் அந்தக் குறி அலங்காரம் அன்று, எழுத்து. 21 மெய்களில் அதுவும் ஒன்று. தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறப்பதால் பிறக்கும் ஒலி அது. அகரவரிசையில் அதற்குக் கடைசி இடம் உண்டு. சொல்லின் இறுதியில் அது வந்தால் முந்தைய உயிரைச் சட்டென்று நறுக்கி நிறுத்த வேண்டும். ‘வெற்றி’ என்ற பொருளில் கிளிங்கன்கள் விடைபெறும்போது சொல்லும் ‘கப்லா’ என்ற புகழ்பெற்ற சொல் அப்படித்தான் முடிகிறது. லகர ஆகாரத்தை நாம் இழுத்துச் சொன்னால் அந்தச் சொல்லின் மிடுக்குப் போய்விடும். அழுத்தம் எந்த அசையில் விழும் என்பதையும் நூல் விதியாகவே தருகிறது: பெயர்ச்சொல்லில் பொதுவாக விகுதிக்கு முந்தைய அசையில், வினையில் வினையடியில், மேற்குறியில் முடியும் அசை இருந்தால் அதில். ஒரு கற்பனைப் பெயரை எழுத்தில் கண்டவுடன் ஐயமின்றி உரக்கச் சொல்லக்கூடிய நிலைக்கு வாசகரை இந்த மூன்று விதிகளும் கொண்டுசேர்த்துவிடுகின்றன.

சொல்லின் நடுவில் திடீரென்று பெரிய எழுத்துகள் முளைப்பது முதலில் கண்ணை உறுத்தும். படப்பிடிப்பில் நடிகர்கள் வசனத்தைப் பார்த்தவுடனே ‘இது ஆங்கில ஒலி அன்று’ என்று எச்சரிக்கை அடைய வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. அப்படியும் நடிகர் பிறழ்ந்து பேசியது படத்தில் நிலைத்துவிட்டால், ஓக்ராண்ட் அந்தப் பிறழ்ச்சிக்கு மொழியில் இடம் செய்து கொடுத்திருக்கிறார். சில கிளிங்கன்கள் பகரத்தை மகரத்தோடு கலந்து சொல்வதுண்டு என்பது போன்ற வட்டார வழக்குக் குறிப்புகளும் நூலில் உண்டு; ஒரே உச்சரிப்பே சரி என்று அடித்துச் சொல்லாத இந்தப் பெருந்தன்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

குறைகளும் உள்ளன. பின்னிணைப்பாக வரும் பயனுள்ள வாக்கியங்களின் பட்டியலில், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கில வாசகருக்கான தோராய உச்சரிப்பு தரப்பட்டிருக்கிறது. தோராயம் என்று ஆசிரியரே சொன்னாலும், முதல் அத்தியாயம் பொறுமையாகக் கட்டியெழுப்பிய வேறுபாடுகளை இந்தப் பட்டியல் ஒரே பக்கத்தில் கரைத்துவிடுகிறது. அவசரக்காரர்கள் இதை மட்டும் படித்து மனப்பாடம் செய்துகொள்வார்கள் என்பதால் இது இல்லாமலே இருந்திருக்கலாம். 1992இல் சேர்த்த புதிய சொற்கள் பழைய அகரவரிசையோடு கலக்கப்படாமல் தனியே நிற்பதால் ஒரு சொல்லுக்கு இரண்டு இடங்களில் தேட வேண்டியிருக்கிறது. பெரிய ஐ எழுத்தும் சின்ன எல் எழுத்தும் ஒரே கோடாகத் தெரியும் சிக்கல் இந்த எழுத்துமுறைக்கு என்றும் உண்டு. கணினித் திரையில் இது பெருந்தொல்லை. முக்கியமாக ஒன்று: ஜான் எம். ஃபோர்டு 1984இல் எழுதிய நாவல் கிளிங்கன்களுக்கு வேறொரு மொழியைக் கற்பித்தது. அதைப் பின்பற்றிய நாவல்களின் பெயர்களுக்கு இந்த அகராதி வழிகாட்டாது. நாவல்களுக்காகவே இதை வாங்க நினைப்பவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

எவ்வளவு கவனமாக எழுதினாலும் பெரிய கியூவும் அந்த மூவெழுத்து ஒலியும் தாளிலிருந்து மட்டும் முழுதாக வந்துவிடா. 1992இலேயே வெளிவந்த ‘கான்வர்சேஷனல் கிளிங்கன்’ என்ற ஒலிநாடாவை இதனோடு சேர்த்துக் கேட்பது நல்லது. ஸ்டார் ட்ரெக்கில் வோர்ஃப் என்ற கிளிங்கன் பாத்திரத்தில் நடித்த மைக்கேல் டோர்ன் ஆங்கிலத்தில் வழிநடத்த, கிளிங்கன் சொற்களை ஓக்ராண்டே ஒலித்துக் காட்டுகிறார். முதலில் அத்தியாயத்தைப் படித்து நாமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு நாடாவைக் கேட்கும் வரிசையையே நான் பரிந்துரைப்பேன். முதலிலேயே கேட்டுவிட்டால் காது சோம்பி, உறுப்புகளின் விளக்கத்தைப் படிக்கும் பொறுமை போய்விடும். பழைய புத்தகமாக வாங்குகிறவர்கள் 1985 பதிப்பைத் தவிர்த்து, இணைப்புப் பகுதி உள்ள 1992 பதிப்பையே கேட்டு வாங்க வேண்டும். இரண்டும் ஒரே பெயரில் இருப்பதால் உள்ளே பதிப்புப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம்.